ஈரப்படி

தூத்துக்குடியில் ஒரே ஒரு கட்டடத்தின் மேல் மட்டும் தினமும் காலை பத்து மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் சர்க்கார் விடுமுறை நாட்களிலும் பெய்யாது.

பெய்விக்கிறவன் திரேஸ்புரம் சிலுவை. ஆள் சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி, மூச்சை அடக்கிச் சங்கு பொறுக்குகிற தொழில். கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் அந்தத் தொழில் ஓடாது. அப்படிக் கை சும்மா இருந்த ஒரு ஆனி மாதத்தில்தான், கடற்கரைச் சாலையில் இருக்கும் மழைவனக் கிராம வாழ்வியல் நிலையத்தில் 'தற்காலிக நனைப்பாளர்' என்று ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். நனைப்பாளர் என்றால் என்ன வேலை என்று கேட்டதற்கு, மேனேஜர் வில்பிரட் அவன் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்து மொட்டை மாடியைக் காட்டினார்.

விஷயம் இதுதான். பாபநாசத்துக்கு மேலே, அணையையும் தாண்டி, வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற காட்டுக்குள்ளே காணிக்காரர் என்கிற மலைவாசிகளின் ஊர்கள் சில உண்டு. அந்த ஊர்களை முன்னேற்றுவதற்காக ஏற்பட்டது நிலையம். ஈரத்தில் கிடந்து உழைக்க வேண்டுமே என்று அதன் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு 'ஈரப்படி' என்று ஒரு தொகையும் உண்டு. இயக்குநர் கிருபாநிதி ஆரம்பத்தில் மலையடிவாரம் வரை போனார். இரண்டு தும்மல் போட்டார். திரும்பி வந்து, கடலைப் பார்த்த பங்களா ஒன்றைப் பிடித்து நிலையத்தைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டார். ஆனால் ஈரப்படியை மலையிலேயே விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? 'ஈரமான சூழலில் பணிபுரிவோருக்கு' என்றுதான் விதி சொல்லியது. அந்த ஈரம் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே காலை பத்து மணிக்குக் குமாஸ்தாக்கள் கேட்டுக்கு வெளியே குடையோடு வரிசையாக நிற்பார்கள். வில்பிரட் மணி அடிப்பார். மாடியிலிருந்து சிலுவை பூவாளியைச் சாய்ப்பான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எல்லோரும் அந்த மழையில் நனைந்து ஆபீசுக்குள் போய், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "என்ன மழை, என்ன மழை" என்று சலித்துக்கொள்வார்கள். ஒருநாள் சிலுவை கொஞ்சம் தாராளமாகச் சாய்த்துவிட்டான் என்று தலைமைக் குமாஸ்தா கோபித்துக்கொண்டார். "ஏலே, இது சாரல் மாசம். இம்புட்டு அடிக்கப்படாது" என்றார்.

கடல் தண்ணீரை ஊற்றினால் டைப்ரைட்டர் துருப்பிடிக்குமாம். அதனால் மழைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. லாரி வரும் வழியில்தான் திரேஸ்புரத்துக் குழாயடி. அங்கே சிலுவையின் பெண்டாட்டி பிலோமியும் மற்ற பெண்களும் காலிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, குழாய் எப்போது இருமும் என்று காத்துக் கிடப்பார்கள். லாரி அவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போகும். தான் என்ன வேலை பார்க்கிறோம் என்பதைச் சிலுவை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அன்று சோறு இறங்காது என்பது அவனுக்குத் தெரியும்.

நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு அட்டையும் இருந்தது. அட்டை கடித்தவர்களுக்கு அதற்குத் தனியாக ஒரு படி. மாதம் பிறந்ததும் பாட்டிலிலிருந்து எடுத்து, பதவி வரிசைப்படி காலில் விடுவார்கள். அது செத்துப்போய் இரண்டு வருஷமாயிற்று. அதிலிருந்து சிவப்பு மையால் காலில் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். செத்த அட்டை, பாட்டிலோடு இயக்குநர் மேஜையில் இருக்கிறது.

போன ஆடியில் கொல்லைப்புறத்தில் ஒரு ஆறும் வந்தது. சிமெண்டு ஆறு. ஒரே தாவில் தாண்டிவிடலாம். ஆழமோ கணுக்கால் மறையும். ஆனால் காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து ஓடியதால் ஒரு லாரித் தண்ணீர் பிடித்தது. அதன்மேல் ஒரு தொங்குபாலம் கட்டச் சொன்னார்கள். துறைமுகத்திலிருந்து கனத்த கப்பல் வடம் வந்து இறங்கியது. கட்டிக் கொடுத்தவர்கள் சிலுவையும் அவன் மச்சான் வளனும்தான். வடமோ பெரிய ஆறு ஒன்றுக்குக் காணும் அளவு நீளம். மிச்சத்தை வெட்டலாமா என்று கேட்டதற்கு, சர்க்கார் சொத்தை வெட்டக்கூடாது என்று வில்பிரட் பதறிவிட்டார். அதனால் பாலத்தில் கட்டினது போக மீதி வடம் அத்தனையையும் கொல்லையில் நின்ற தென்னை மரங்களில் சுற்றி வைத்தார்கள். பெரிய மனிதர்களின் பிள்ளைகள் ஊஞ்சலாட ஏதோ கட்டுகிறார்கள் என்றுதான் சிலுவை நினைத்தான்.

புரட்டாசி பாதியில் பூதத்தான் காணி வந்தான்.

மெலிந்த ஆள், கட்டம் போட்ட சட்டை, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். பத்து மணி மழையைக் கேட்டுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு உள்ளே வந்து மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றபோது, அவன் வேட்டி மடிப்பிலிருந்து கறுப்பாக ஒன்று தரையில் விழுந்து நெளிந்தது. அசல் அட்டை. மலையிலிருந்து பஸ் ஏறி அவனோடு வந்திருக்கிறது.

இரண்டு வருஷமாக மைப் புள்ளியிலேயே அட்டைக்கடிப் படி வாங்கும் வில்பிரட் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். "பினாயில்! ஏலே சிலுவை, பினாயில் கொண்டால! தேளா அது, என்னதுல அது?"

அட்டை ஒழிந்தபிறகு பூதத்தானை இயக்குநர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தரையைத் துடைக்கிற சாக்கில் சிலுவையும் உள்ளே நின்றான்.

"ஏமானே, ஆனைச்சறுக்கு ஊரிலிருந்து வாறேன். பேயாத்துக்குப் பாலம் கேட்டு மூணு மழை போச்சு. ஐப்பசி பிறந்தா ஆறு வழிவிடாது. நாலு மாசம் ஊர் அப்படியே அடைபட்டுப் போகும். உப்பு தீர்ந்துபோகும். நோவு வந்தா ஆஸ்பத்திரிக்கு எறங்க முடியாது. என் பெண்டாட்டிக்குக் கார்த்திகையில பிரசவம்."

"பாலமா?" கிருபாநிதியின் முகம் மலர்ந்தது. "உங்க பாலம் ஆடியிலேயே கட்டி முடிச்சாச்சே! உமக்குத் தெரியாதா?"

பூதத்தான் விழித்தான். "நான் நேத்து அந்த ஆத்தை நீந்தித்தானே வந்தேன்?"

"இதுதான் உங்க ஜனங்க கிட்ட இருக்கிற குறை. வசதி செஞ்சு குடுத்தாலும் உபயோகப்படுத்த மாட்டீங்க." இயக்குநர் வருத்தத்தோடு எழுந்தார். "வாரும், காட்டுதேன்."

கொல்லைப்புறத்தில், சிமெண்டு ஆற்றின்மேல் பாலம் அழகாகத் தொங்கியது. கைப்பிடிக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். 'ஆனைச்சறுக்குப் பாலம்' என்று பலகையும் உண்டு.

பூதத்தான் பாலத்தைப் பார்த்தான். தென்னை மரங்களில் சுற்றிக் கிடந்த வடத்தைப் பார்த்தான். அப்புறம் தன் காலுக்குக் கீழே தரையைப் பார்த்தான், தான் எங்கே நிற்கிறோம் என்று சந்தேகம் வந்ததுபோல.

"அங்க கட்டினா என்ன ஆகும், யோசிச்சுப் பாரும்" என்றார் கிருபாநிதி. "ஆனை தட்டிவிடும். வெள்ளம் இழுத்துட்டுப் போகும். காட்டுக்குள்ள வாச்மேன் போட முடியுமா? இங்க பத்திரமா இருக்கு. உம்ம ஊர்ப் பாலம், உமக்கு இல்லாத உரிமையா? எப்ப வேணும்னாலும் வந்து நடந்துட்டுப் போகலாம்."

"ஆறு அங்கல்லா இருக்கு, ஏமானே."

"ஆத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதேயும். மழைக்கு வேர் எங்க இருக்கு? கடல்ல. கடல்லேருந்து கிளம்பித்தான் உங்க மலைக்கு வருது. வேர் இருக்கிற இடத்தில நாங்க உட்கார்ந்திருக்கோம். நுனியில உட்கார்ந்துட்டு நீர் பேசுதீர்."

அப்புறம் பயனாளியின் படம் ஒன்று வேண்டும் என்று பூதத்தானைப் பாலத்தில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவன் நடந்தான். சிரிக்கவில்லை. அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே ஒரு தவளை கூட நீந்த இடமில்லாத அந்த ஆற்றை அவன் கடந்ததைச் சிலுவை பார்த்துக்கொண்டு நின்றான். தன் கையால் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றும் அவன் கண்ணில் மண்ணாக உறுத்தின.

அன்று சாயங்காலம் பூதத்தானைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பிலோமி சாளைக் குழம்பும் சோறும் வைத்தாள். வளனும் வந்து உட்கார்ந்தான்.

"போன ஐப்பசியில என் தங்கச்சிக்கு வலி வந்தது" என்று பூதத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "டோலி கட்டித் தூக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தோம். ஈத்தை மூங்கிலால கட்டின பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அந்தக் கரையில அவ புருஷன் ஜீப்பு பேசிக் கொண்டாந்து நிக்கிறான். இந்தக் கரையில நாங்க. ரெண்டு பேரும் கத்துறது ஒருத்தருக்கொருத்தர் கேக்கலே. அந்தி வரைக்கும் கிடந்தா. புள்ளையும் போச்சு, அவளும் போனா."

சங்கு குளிக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் சட்டம். கட்டிக் கொடுத்த தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று. சிலுவை தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் வளன் கையில்தான் அவன் உயிர். கயிறு இல்லாமல் இரண்டு கரையில் நின்ற அந்த மச்சான்கள் இரண்டு பேரையும் சிலுவையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஊஞ்சல்னு நெனச்சுல கட்டினோம்" என்றான் வளன் மெதுவாக.

சிலுவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பூவாளி, மழை, லாரி, ஆறு, நிலையத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து அதிகாரி வரப்போவது. பிலோமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏ மனுஷா, நான் ஒரு குடம் தண்ணிக்கு எவ எவ முடியவோ பிடிச்சு இழுத்துட்டு வாரேன். நீரு அங்க ஆளுவ தலையில ஊத்திக்கிட்டா இருந்தீரு?"

"சம்பளத்துக்குச் செய்யுதேன்ளா."

"ஆறு ஓடுதுன்னீரே, நல்ல தண்ணியா?"

"லாரித் தண்ணிதான்."

பிலோமி கரண்டியை மறுபடி எடுத்தாள். "நாளன்னிக்கு டெல்லிக்காரன் வாரான்னு சொன்னீரே. அப்ப பின்கேட்டு யாரு பொறுப்பு?"

"நான்தான்."

"தொறந்து வையும்" என்றாள். பிறகு பூதத்தானுக்கு இன்னொரு மீன் போட்டாள்.

டெல்லி அதிகாரி வந்த அன்று நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. காலையில் இரண்டு மழை பெய்தது. சிலுவையின் சட்டையைக் கழற்றி, இடுப்பில் வேப்பிலையும் தலையில் கோழி இறகும் கட்டி, ஆற்றங்கரையில் ஓலைக் குடிசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவன்தான் மழைவனக் கிராமவாசி. அசல் ஆள் வந்திருக்கிறானே, அவனையே உட்கார வைக்கலாமே என்று சிலுவை கேட்டதற்கு வில்பிரட் உதட்டைப் பிதுக்கினார். "அவன் சட்டை போட்டிருக்கான். தமிழ் வேற பேசுதான். பார்த்தா யாரு நம்புவா?" பூதத்தானைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

இயக்குநர் வரவேற்றுப் பேசினார். "மழைவன மக்கள் பிறவியிலேயே திருப்தியானவர்கள். அவர்களுக்கு ரோடு தேவையில்லை, ஏனென்றால் போக இடமில்லை. ஆஸ்பத்திரி தேவையில்லை, ஏனென்றால் வந்தவர் யாருமே இல்லை. இதை நாங்கள் ஏழு வருஷம் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்து கண்டுபிடித்தோம். ஈரத்தைத் தாங்குவது அவர்கள் இயல்பு. எங்களுக்கு அது தியாகம். ஈரப்படி என்பது பணமல்ல, அந்தத் தியாகத்துக்கு ஒரு துண்டு."

டெல்லி அதிகாரி தலையாட்டினார். சிலுவையைக் காட்டி, இவருக்கு ஏதாவது குறை உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். காட்டு பாஷையில் ஏதாவது உளறு என்று சிலுவைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கு வாயில் வந்தது காற்றின் பெயர்கள்தான்.

"வாடை, கொண்டல், கச்சான், சோழகம்" என்றான்.

"நிலையத்துக்கு ஏழு தலைமுறைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறார்" என்று கிருபாநிதி மொழிபெயர்த்தார்.

அப்போது கேட்டிலிருந்து ஒரு குரல். "ஏமானே! எங்க ஊர்ல ஆளு சாகுது! அந்தப் பாலம் எங்க பாலம்!" பூதத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"யார் அது?" என்றார் அதிகாரி.

"உள்ளூர்க் குடிகாரன்" என்றார் இயக்குநர், கண் இமைக்காமல்.

சிலுவைக்குக் கரையில் அழுகின சிப்பிக் குவியலுக்குள் தலை நுழைந்ததுபோல ஒரு நாற்றம். அது தன் இடுப்பு வேப்பிலையிலிருந்தும் வருவதாகப்பட்டது. எழுந்து ஓடலாம் என்று கால் துடித்த நேரத்தில் பின்கேட்டு 'தடால்' என்று திறந்தது.

திரேஸ்புரமே உள்ளே வந்தது. பிலோமி முன்னால். பித்தளை, அலுமினியம், புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் என்று கையில் அகப்பட்ட குடமெல்லாம் இடுப்பில் ஏறி வந்திருந்தன.

"ஏளா ஆக்னஸ், அந்த வளைவுல மோந்துக்கோ! நல்ல தண்ணி, நல்ல தண்ணி!"

"கால வைக்காதீகளா, கலங்கிரும்!"

வில்பிரட் வாயில் விசிலை வைத்தார், ஊத மறந்தார். டெல்லி அதிகாரி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் கிருபாநிதி தான் யார் என்பதைக் காட்டினார்.

"அடுத்த நிகழ்ச்சி" என்று அறிவித்தார். "மழைவனப் பெண்கள் ஆற்றில் நீர் மொள்ளும் பாரம்பரியக் காட்சி!"

அதிகாரி மகிழ்ந்துபோய்க் கைதட்டினார். காமிராவை எடுத்துப் படமாகத் தள்ளினார். "எவ்வளவு இயற்கையாகச் செய்கிறார்கள்!" என்று வியந்தார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள், திட்டினார்கள், மொண்டார்கள். கடைசிக் குடம் நிறைந்தபோது ஆற்றில் சிமெண்டு தெரிந்தது. காட்சி முடிந்தது என்று இயக்குநர் கும்பிட்டார். எல்லோரும் சிங்கிறால் சாப்பாட்டுக்கு மாடியேறினார்கள்.

அவர்கள் சாப்பிட்டு எழுவதற்குள் பாலம் இல்லை. சங்கு குளிக்கிறவன் போடும் முடிச்சு, எத்தனை இழுத்தாலும் இறுகும். வாலைப் பிடித்துச் சுண்டினால் விட்டுவிடும். சிலுவை சுண்டினான். வளன் தென்னை மரங்களைச் சுற்றி ஓடி வடத்தைப் பிரித்தான். பின்கேட்டு வழியாக உள்ளே வந்த பூதத்தான் சுருட்டினான். சிலுவை கோழி இறகைக் கழற்றக்கூட மறந்து, அம்பாசமுத்திரம் போகிற உப்பு லாரியில் வடத்தோடும் மற்ற இருவரோடும் ஏறிக்கொண்டான்.

பேயாற்றைப் பார்த்ததும் சிலுவைக்குத் தான் கடலில்தான் பிறந்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடல் இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. காட்டுக்குள் பகலே சாயங்காலம் மாதிரி இருந்தது. மரம் சொட்டியது, பாறை சொட்டியது, போட்டிருந்த பனியன் சொட்டியது. அட்டை அவன் காலில் ஏறியபோது யாரும் பாட்டிலில் இருந்து எடுத்து விடவில்லை. மரச்சீனிக் கிழங்கையும் தேனையும் தின்றுகொண்டு ஊர் முழுக்க வடத்தை இழுத்தது. சிலுவை இடுப்பில் வடத்தின் நுனியைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்; வழக்கம்போல வளன் கயிறு பிடித்தான். இரண்டு கரையிலும் மரத்தோடு மரமாக இறுக்கி, ஈத்தையைப் பரப்பிக் கட்டினார்கள். இந்தத் தடவை சுண்டினால் அவிழாத முடிச்சு.

ஐப்பசி முதல் மழை இறங்கிய அன்று, பூதத்தான் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து அடிவாரத்துக்குப் போனாள். கீழே ஆறு மரங்களைப் புரட்டிக்கொண்டு போயிற்று. கைப்பிடி வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சிலுவையைப் பூதத்தான் தோளில் தட்டி, "மச்சான்" என்றான்.

ஊர் திரும்பிய மறுநாளே நிலையத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. போலீஸ் நிற்கும் என்று நினைத்துக்கொண்டுதான் சிலுவை போனான். பிலோமி கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டு அனுப்பினாள்.

கிருபாநிதி எழுந்து நின்று அவனை வரவேற்றார்.

"வாலே சிலுவை! உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். டெல்லியிலேருந்து தந்தி. ஈரப்படி இரட்டிப்பு!"

"எதுக்கு சார்?"

"வெள்ளம் வந்துச்சே. பாலத்தை அடிச்சுட்டுப் போயிட்டுன்னு அறிக்கை அனுப்பினேன்."

"எங்கன சார் வெள்ளம் வந்துச்சு? தண்ணிய பொம்பளைக மோந்துட்டுல்லா போனாளுவ?"

"காலையில தண்ணி இருந்துச்சு, பாலம் இருந்துச்சு. மத்தியானம் தண்ணியும் இல்லை, பாலமும் இல்லை. வெள்ளம்னா வேற என்னலே?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "புதுப் பாலம் சாங்ஷன் ஆயிருக்கு. அதே இடத்தில கட்டணும். நீயே கட்டு."

அவர் தனக்குத்தானே பேசுவதுபோலத் தொடர்ந்தார்.

"ஒரே ஒரு குறைதான். வெள்ளத்தில உயிர்ச்சேதம் உண்டான்னு கேட்டிருந்தாங்க. இல்லைன்னு போட வேண்டியதாப் போச்சு. அந்தக் காட்டுக்காரன் பெண்டாட்டி கர்ப்பிணின்னு சொன்னானே, அவ ஒருத்தி போயிருந்தான்னு வையி, இரும்புப் பாலமே கிடைச்சிருக்கும்."

சிலுவைக்கு வாயெல்லாம் கசந்தது. காறி, அவர் மேஜைக்கு முன்னால் தரையில் துப்பினான். துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான்.

பக்கத்தில் நின்றிருந்த வில்பிரட் குனிந்து தரையைப் பார்த்தார்.

"விடுங்க சார்" என்றார். "அதுவும் ஈரம்தான்."